நேரில் பார்த்ததில் உங்களால் மறக்க முடியாத கலை நிகழ்ச்சி எது? ஏன்?

பெரிய மேடை, பெரிய பெயர் என்று எதிர்பார்த்து வாசிக்க வந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்படி ஒன்றும் இதில் இல்லை. பெரிய மேடைகளுக்கும் போயிருக்கிறேன். ஒருமுறை எங்கள் திருகோணமலையில் வெளியூர்ப் பாடகர்களைக் கூட்டிவந்து ஓர் இசை இரவு வைத்தார்கள். டிக்கெட் எடுத்து, பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு போய், ஸ்பீக்கர் பெட்டிக்கு நேர் முன்னால் மாட்டிக்கொண்டோம். பாடகர் மைக்கை வாயிலிருந்து எடுத்துச் சனத்தைப் பார்த்துக் கை அசைத்தார். பாட்டு நிற்கவில்லை. அவருடைய குரலிலேயே போய்க்கொண்டிருந்தது. மகன்தான் முதலில் கண்டுபிடித்தான். பிறகு எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, அது ஒன்றுதான் அன்றைக்கு லாபம்.

என் பதில், மூதூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் பார்த்த கூத்து. முழுக் கூத்தும் அல்ல, அதில் ஒரு வரி. அதுவும் யாரும் பாடாத வரி. அதைச் சொல்வதற்கு முன் என் பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பெரியப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர். சங்கீதம் முறையாகப் படித்தவர் இல்லை. குரலும் அப்படியொன்றும் நல்ல குரல் இல்லை, மேலே போனால் உடையும். ஆனால் மார்கழி பிறந்தால் திருவெம்பாவைக் காலம் முழுக்க எங்களை எழுப்பிக் குளிக்க வைத்துக் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவார். கோட்டை வாசலில் சோதனை முடித்து, மான்களுக்குப் பராக்குப் பார்த்து, மேடு ஏறி மேலே போவதற்குள் நன்றாக விடிந்துவிடும். உள்ளே கும்பிட்டு முடிந்ததும் அவர் இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுப் பக்கம் வந்து நின்று, கடலைப் பார்த்துக்கொண்டு, சம்பந்தர் கோணமலைக்குப் பாடிய பதிகத்தை எடுப்பார். புறநீர்மைப் பண். கச்சேரிக்காரர்கள் பூபாளம் என்று சொல்லும் விடியற்கால ராகம். எனக்கு அப்போது பண்ணும் தெரியாது, பூபாளமும் தெரியாது. குளிரும், கீழே கடை வைத்திருந்தவரிடம் வாங்கப்போகும் கச்சானும்தான் தெரியும்.

அந்தப் பதிகத்தில் பாட்டுக்குப் பாட்டு ஊர் வருகிறது. கடல் சந்தனத்தையும் அகிலையும் முத்தையும் வாரிக்கொண்டு வந்து கொழிக்கிறது. கோயிலும் சுனையும் கடலும் ஒன்றையொன்று சூழ்ந்து கிடக்கின்றன. இரண்டாவது பாட்டில் ‘கொடிதெனக் கதறும் குரைகடல்’ என்று வரும். இந்த இடம் வந்தால் பெரியப்பா கையை நீட்டிக் கீழே காட்டுவார். மார்கழியில் எங்கள் கடலைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். கச்சான் காற்றுக் காலத்தில் குளம் மாதிரிப் படுத்துக் கிடக்கும் அதே தண்ணீர், வாடைக்காற்று தொடங்கியதும் பாறை அடியில் முட்டி முட்டிக் கதறும். (கச்சான் என்றால் எங்களுக்குக் காற்றும் உண்டு, கடலையும் உண்டு. இந்தியாக்காரர் குழம்ப வேண்டாம்.)

ஆச்சரியம் என்னவென்றால், சம்பந்தர் இந்தக் கடலைப் பார்த்ததில்லை. இராமேச்சுரத்தில் நின்றபடியே இந்தப் பக்கம் நோக்கிப் பாடினார் என்றுதான் பெரியபுராணம் சொல்கிறது. பார்க்காதவருக்குக் கடல் கதறுவது கேட்டிருக்கிறது. இந்தக் கடல் ஓரத்திலேயே 1939இல் பிறந்த கவிஞர் பிரமிள், பிறகு தமிழ்நாட்டுக்குப் போய் 1997இல் வேலூர்ப் பக்கம் செத்துப்போனார். அவருடைய பேர்போன இறகுக் கவிதையில் ஆறு வரிதான், அதில் கடல் இல்லை, காற்று மட்டும் உண்டு. கோணமலையில் வளர்ந்த ஒருவருக்குத்தான் காற்றைப் பற்றி அப்படி எழுத வரும் என்று நான் நினைத்துக்கொள்வேன். நிரூபிக்க முடியாது. ஊர்ப் பாசம் என்று விட்டுவிடுங்கள்.

சரி, பெரியப்பாவுக்கு வருகிறேன். ஆறாவது பாட்டு முடிந்ததும் அவர் நிறுத்துவார். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. பிறகு அடுத்ததை எடுப்பார். வயதாகிவிட்டது, மூச்சு வாங்குகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். பதினொரு பாட்டு இருக்க வேண்டிய பதிகத்தில் பத்துத்தான் வந்தது. கேட்டேன். “ஏழாவது இல்லையம்மா. ஆறுக்குப் பிறகு எட்டு” என்றார். ஏடுகளிலேயே தொலைந்துபோன பாட்டு அது. எட்டில் இராவணன் மலையை எடுக்க வருவான், ஆறில் எமன் உதை வாங்குவான், நடுவில் என்ன இருந்தது என்று தெரியாது. “எங்க போச்சு?” என்று கேட்டதற்குக் கடலைக் காட்டி, “இதைத்தான் கேட்க வேணும்” என்று சிரித்தார்.

அவர் விளையாட்டாகச் சொன்னாலும், எங்கள் ஊரில் அது அவ்வளவு பொய்யும் இல்லை. 1622இல் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்தார்கள், அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். மிச்சக் கல் கடலுக்குள் கிடக்கிறது. ஒளித்துப் புதைத்த விக்கிரகங்கள் சில 1950இல் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து வந்தன. அதற்குப் பிறகுதான் இப்போது நாம் கும்பிடும் கோயில் எழுந்து 1963இல் குடமுழுக்குக் கண்டது. சோமாஸ்கந்தரே மண்ணிலிருந்து வந்த ஊரில், ஒரு பாட்டு கடலிலிருந்து வந்தால்தான் என்ன என்று சின்ன வயதில் நான் நம்பிக்கையோடு இருந்தேன்.

இனிக் கூத்து.

என்னோடு வேலை செய்யும் தங்கச்சி ஒருத்தியின் ஊர் மூதூருக்கு அப்பால். முந்தி என்றால் லோஞ்ச் ஏறிக் குடாவைக் கடந்து போக வேண்டும், அலை அடித்தால் வாந்தியும் சேர்த்து. 2009இல் கிண்ணியாப் பாலம் வந்து, மற்றப் பாலங்களும் வந்த பிறகு பஸ்ஸிலேயே போய்விடலாம். அவளுடைய ஊர்ச் சனம் 2006இல் இடம்பெயர்ந்து, முகாம் முகாமாக இருந்து, பத்து வருடம் கழித்துத் திரும்பியவர்கள். திரும்பி வந்து கோயிலைத் திருத்தியதும் ஒரு கூத்துப் போட வேண்டும் என்று நின்றார்களாம். வீட்டுக்கு ஓடு போடாதவர்கள்கூட.

கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியாருக்கு எழுபதுக்கு மேல். அவருடைய கூத்துக் கொப்பியை, அவருடைய அண்ணாவியார் கையால் எழுதியதை, ஷொப்பிங் பையில் சுற்றி வீட்டுக் கூரை வளையில் செருகி வைத்துவிட்டு ஓடியவர். திரும்பி வந்தபோது கொப்பியும் இல்லை, வளையும் இல்லை, வீடும் இல்லை. எல்லாம் தலைக்குள்தான். பேத்தி ஓ.எல். சோதனைக்குப் படிக்கிற பிள்ளை. அவள் ஒரு சீ.ஆர். கொப்பி (தடித்த பெரிய நோட்டு) வாங்கி, தாத்தா சொல்லச் சொல்ல எழுதத் தொடங்கினாள். இங்கேதான் ஒரு சங்கதி. சும்மா சொல்லுங்கள் என்றால் அவருக்கு வராது. “வாயில இல்ல புள்ள, கையிலதான் கிடக்கு” என்பாராம். மத்தளத்தை மடியில் வைத்துத் தட்டினால் தாளக்கட்டு வரும். தாளக்கட்டு வந்தால் பாட்டு வரும். சில தரு, அதாவது கூத்துப் பாட்டு, மத்தளத்துக்கும் வராது. எழும்பி நின்று இரண்டு அடி ஆடினால் வரும். இப்படி எட்டு மாதம் போனது.

கூத்து வகைகளில் ஒன்றான வடமோடி, அபிமன்யு போருக்குப் போய்ச் சாகும் கதை. கோயில் வெளியில் மண் போட்டு உயர்த்திய வட்டக்களரி. சுற்றிவர வாழையும் தென்னோலையும், மேலே வெள்ளை கட்டி, பெற்றோமக்ஸ் இருந்த இடத்தில் எல்.ஈ.டி. பல்ப். பெற்றோமக்ஸின் இரைச்சல் இல்லாதது ஒரு பக்கம் நல்லது, ஆனால் அந்த வெள்ளை வெளிச்சத்தில் எல்லோர் முகமும் வெளிறிப்போய் நோயாளி மாதிரித் தெரிந்தது. ராசாக்கள் கூடை மாதிரி விரிந்த கரப்புடுப்போடு ஒவ்வொருவராக வரவு, அதாவது அறிமுக ஆட்டம், ஆடி வந்தார்கள். முதல் இரண்டு மணித்தியாலம், உண்மையைச் சொன்னால், எனக்கு நித்திரைதான். வரவு நீளம், அதிலும் துரியோதனன் வேடக்காரர் தன் சொந்தக்காரர் எல்லோரும் பார்த்து முடியும்வரை களரியை விட்டு இறங்கவில்லை.

விடியப்புறம் மூன்று மணிபோலச் சுபத்திரை வந்தாள். வேடம் கட்டியவர் மீன்பிடிக்கிற ஆள், வலை இழுத்து உரமேறிய தோள். சேலைக்குள் அந்தத் தோள் அடங்கவில்லை. முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் மகனைத் தேடிப் பாடத் தொடங்கியதும் சிரிப்பு நின்றது. நாலு வரிப் பாட்டுகள். ஒரு வரியை அவர் பாட, நடுவில் நிற்கும் பிற்பாட்டுக்காரர் வாங்கித் திருப்பிப் பாடுவார்கள், மத்தளம் கூடவே போகும். நாலாவதோ ஐந்தாவதோ பாட்டு. முதல் வரி பாடினார். இரண்டாம் வரி பாடினார். மூன்றாம் வரிக்கு வாயைத் திறக்கவில்லை.

பிற்பாட்டும் இல்லை. தாளக்காரர் இரண்டு தாளத்தையும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். மத்தளம் மட்டும், அந்த வரி எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்கு, எழுத்து எழுத்தாகப் போனது. அண்ணாவியார் அதுவரை ஆட்டக்காரரைப் பார்த்துத்தான் அடித்துக்கொண்டிருந்தார். இப்போது திரும்பி, களரி ஓரத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த கிழவிகளைப் பார்த்தார். அவர்களும் அவரைப் பார்த்தார்கள். ஒருத்தி வெற்றிலை இடிப்பதை நிறுத்திவிட்டாள். வேடக்காரர் அரை வட்டம் நடந்து வந்து நின்றார், நாலாம் வரியைப் பாடினார், கூத்துப் போனது.

ஆள் வரியை மறந்துவிட்டார், மத்தளம் சமாளித்தது என்றுதான் நான் நினைத்தேன். இல்லையாம். தங்கச்சி காதுக்குள் சொன்னாள், “அந்த வரி அண்ணாவியாருக்கு வரவே இல்லையக்கா. கொப்பியிலயும் இல்ல.”

பெரியப்பாவின் மூச்சு எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மூச்சு வாங்கவில்லை அந்த மனுசன்.

விடிந்து, அபிமன்யு செத்து, மங்களம் பாடி முடிந்ததும், பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்த அண்ணாவியாரிடம் போய் உட்கார்ந்தேன். கைவிரல் இரண்டில் துணி சுற்றியிருந்தது. “எதுகை தெரியும், தாளம் தெரியும், கதையும் தெரியும். நீங்களே ஒரு வரி கட்டிப் போட்டிருக்கலாமே அண்ணாவியார்?” என்று கேட்டேன்.

“கட்டலாம் புள்ள. கட்டினா என்ட அண்ணாவியார் கனவில வந்து குட்டுவார்.”

சிரித்துவிட்டு, பிறகு சொன்னார். போன தடவை பக்கத்து ஊரில் ஆடியபோது இதேபோல மூன்று இடத்தில் மத்தளத்தை மட்டும் விட்டாராம். இரண்டு இடத்துக்குச் சனத்துக்குள்ளிருந்து வரி வந்ததாம். ஒன்று, சின்ன வயதில் தகப்பனோடு கூத்துப் பார்த்துத் திரிந்த ஓர் ஆச்சி, உட்கார்ந்த இடத்திலிருந்தே சத்தமாகப் பாடிவிட்டாள். மற்றது, மறுநாள் ஒரு சைக்கிள்காரர் வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார். “அதுதான் அந்தப் பக்கம் திரும்பினனான். இது ஒண்டுதான் இன்னும் மிச்சம். கிழவியள் செத்து முடியிறதுக்குள்ள நாலு ஊரில ஆடிப்போட வேணும்.”

நான் கேட்ட கேள்வியே எனக்கு வெட்கமாகிவிட்டது. எங்கள் இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்த விபுலானந்த அடிகள், வழக்கொழிந்துபோன யாழைப் பழைய பாட்டுகளையும் கணக்கையும் வைத்துத் தேடித் தேடி எழுதி, 1947இல் நூல் அரங்கேறிய அடுத்த மாதமே கண்ணை மூடினார். பள்ளிக்கூடத்தில் அதைப் பத்து மார்க் கேள்வியாகப் படித்திருக்கிறேன். ஒரு மனுசன் அதற்காக என்ன பாடு பட்டிருப்பார் என்று, துணி சுற்றிய அந்த இரண்டு விரலைப் பார்த்தபோதுதான் கொஞ்சம் பிடிபட்டது.

இதைவிட நல்ல ஆட்டம் பார்த்திருக்கிறேன். குரல் என்று பார்த்தால், அன்றைக்குப் பாடிய யாருக்கும் பெரிய குரல் இல்லை. ஆனால் கேள்வி எது மறக்கவில்லை என்பதுதானே.

புறப்படும்போது பேத்தி அந்தச் சீ.ஆர். கொப்பியைக் காட்டினாள். ஒரு பக்கத்துக்கு நாலு பாட்டு, நீலப் பேனாவில், சோதனைக்கு எழுதுகிற மாதிரிச் சுத்தமான எழுத்து. சுபத்திரையின் அந்தப் பாட்டில் மூன்றாவது வரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும். அந்தக் கோட்டைப் பேனாவால் போடவில்லை. பென்சிலால் மெல்லிசாக இழுத்து விட்டிருந்தாள்.