முதுகு வைத்த சிறு ரம்பம்: எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது?

கேள்வி: தேக்குப் பெட்டிகளின் மூலைகளில் 'புறா வால்' மூட்டு (dovetail; புறாவின் வால்போல் விரிந்த முனைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் இணைப்பு) வெட்டுவதற்காக, பழைய ஆங்கிலேய மாதிரியில் ஒரு சிறு ரம்பத்தை நானே செய்ய எண்ணுகிறேன். பித்தளை முதுகு (தகட்டின் மேல்விளிம்பைக் கவ்வும் பட்டை), நுனியில் குறுகும் தகடு, மேலும் கீழும் கொம்புபோல் நீளும் கைப்பிடி ஆகியவை வெறும் அலங்காரமா?

பதில்: மூன்றுக்கும் காரணம் உண்டு. ஆனால் கைப்பிடியை மாற்றினால் வரும் கெடுதி, மற்ற இரண்டையும் மாற்றுவதால் வராது.

தள்ளி அறுக்கும் ரம்பத்தில், கையின் விசைக்கும் மரத்தின் எதிர்ப்புக்கும் நடுவே அகப்படும் தகடு வளையப் பார்க்கும். ஜப்பானியத் தச்சர் இழுத்து அறுப்பதால் அவருடைய தகடு அறுக்கும்போது விறைத்து நிற்கிறது. உங்களுடைய அரை மில்லிமீட்டர் தகட்டுக்கு அந்த விறைப்பைப் பித்தளைப் பட்டைதான் தர வேண்டும். பட்டையின் எடையே பற்களை மரத்தில் இறக்குவதால் கை அழுத்த வேண்டியதில்லை. பழைய பட்டறைகளில் பட்டையை மடித்துத் தகட்டைக் கவ்வ வைத்தார்கள். பின்னாளில் தகடு நெளிந்தால் பட்டையை மெல்லத் தட்டியே அதை நேராக்கிவிடலாம். எனினும் வீட்டில் பித்தளையைக் கோணாமல் மடிப்பது கடினம். முதல் ரம்பத்துக்கு, நீளப் பள்ளம் (காடி) வெட்டிய பட்டையில் தகட்டை ஒட்டிக்கொள்ளுங்கள்; இந்த ஓரிடத்தில் மரபை விடுவதில் எனக்குத் தயக்கமில்லை.

தகடு நுனியில் சில மில்லிமீட்டர் குறுகுவதால் ரம்பத்தின் முன்பாரம் குறையும். மேலும், பட்டையை மட்டமாகப் பிடித்து அறுத்தால் உங்கள் பக்கத்து வெட்டு, மரத்தில் ஆழம் குறித்த கோட்டை முதலில் தொடும். கண்ணுக்குத் தெரியாத மறுபக்கத்தில் கோடு தாண்டி அறுபடும் ஆபத்து குறையும். புதிதாகப் பழகுகிறவருக்கு இது பெரிய துணை.

கைப்பிடிக்கு வருவோம். பழைய கைப்பிடிகள் சிறியவையாகத் தோன்றக் காரணம், அவை மூன்று விரல்களுக்காகச் செதுக்கப்பட்டவை. ஆள்காட்டி விரல் வெளியே நீண்டு தகட்டின் திசையைக் காட்ட வேண்டும். மேல்கொம்பு கட்டைவிரல் இடுக்கின் மீது அமர்ந்து கை மேலேறாமல் தடுக்கிறது, கீழ்க்கொம்பு சிறுவிரலுக்குக் கீழே நின்று கை நழுவாமல் காக்கிறது. விளிம்புகளை நன்றாக உருட்டாவிட்டால் உறுத்தலைச் சமாளிக்கக் கை இறுக்கிப் பிடிக்கும். இறுகிய கை ரம்பத்தைக் கோட்டிலிருந்து விலக்கும். இங்கிலாந்தின் ரோச்செஸ்டர் அருங்காட்சியகத்தில் உள்ள பெஞ்சமின் சீட்டனின் கருவிப் பெட்டியில், 1796-ஐ ஒட்டி வாங்கப்பட்ட ஷெஃபீல்டு ரம்பங்கள் அதிகம் பயன்படாமலே இருக்கின்றன. அவற்றைப் பார்த்துப் படியெடுக்கும் இன்றைய கைவினைஞர்கள் முதலில் கவனிப்பது இந்த உருட்டலைத்தான். ஏறத்தாழ 22 மில்லிமீட்டர் கனமுள்ள பலகை போதும். விலையுயர்ந்த மரத்தைத் தொடுமுன் மலிவான பலகையில் ஒரு மாதிரி செய்து, கண்ணை மூடிப் பிடித்துப் பாருங்கள். பிடியின் சாய்வு சரியாக இருந்தால் தள்ளும் விசை பல்வரிசையை நோக்கிப் போவது கைக்கே தெரியும். ஆங்கிலேயர் பீச், ஆப்பிள் மரங்களைப் பயன்படுத்தினர். ஈட்டியும் நன்றாக உழைக்கும். எந்த மரமானாலும் பிடியின் மெல்லிய இடத்தில் நாரோட்டம் குறுக்கே வந்தால் அங்கேதான் உடையும்.

தகட்டை நீங்களே பதப்படுத்த முயலாதீர்கள், நெளிந்துவிடும். பதப்படுத்திய ஸ்பிரிங் எஃகுத் தகடாகவே வாங்கி, அங்குலத்துக்கு 15 பற்கள் வீதம் முப்பட்டை அரத்தால் வெட்டுங்கள். புறா வால் மூட்டில் வெட்டு பெரும்பாலும் நாரின் போக்கிலேயே செல்வதால் பல்லை உளிமுனை போல நேராக அராவ வேண்டும்; நுனியிலுள்ள முதல் சில பற்களை மட்டும் சற்றுப் பின்சாய்த்தால் தொடக்கத்தில் திக்காது. பல் விரிப்பு (பற்களை மாறி மாறி இருபுறமும் சாய்ப்பது) மிகக் குறைவாக இருக்கட்டும், இல்லையேல் அகன்ற வெட்டில் தகடு அலையும். தேக்கில் சிலிக்கா இருப்பதால் பற்கள் சீக்கிரம் மழுங்கும் என்பதையும் கணக்கில் வைத்து, கூடுதலாக ஓர் அரம் வாங்கிவையுங்கள்.

கைப்பிடியின் அடியில் செதுக்கும் ஆட்டுநாக்கு வளைவையும், பட்டை முனையின் சரிவையும் விரும்பினால் விட்டுவிடலாம். கைப்பிடியைத் தகட்டோடு இணைக்க, பழைய பாணிப் பிளவு நட்டுக்குப் (முகத்தில் பிளவு வெட்டிய நட்டு) பதில் சாதாரண பித்தளை போல்ட்டும் போதும். மரம் காய்ந்து சுருங்கும்போது இரண்டுமே தளரும் என்பதால், கோடை தொடங்கியதும் ஒருமுறை இறுக்கிக்கொள்ளுங்கள்.