பிரிட்டனில் ஸ்ட்ரெங்த் அண்ட் கண்டிஷனிங் மாஸ்டர்ஸ்: முதலில் விசா வரியைப் படியுங்கள்

தம்பி, ஸ்போர்ட்ஸ் சயின்ஸ் பட்டம் முடித்த கையோடு பிரிட்டனில் ஸ்ட்ரெங்த் அண்ட் கண்டிஷனிங் (வீரர்களின் உடல் வலுவையும் தகுதியையும் வளர்க்கும் பயிற்சி) மாஸ்டர்ஸ் சேரலாமா, படிக்கும்போதே ஏதாவது கிளப்பில் பகுதிநேரக் கோச்சாக நின்று வாடகையைச் சமாளிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேரலாம். ஆனால் அந்த இரண்டாவது கணக்கை இப்போதே அழித்துவிடுங்கள்.

மாணவர் விசாவில் பாடக்காலத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே விசாவில் தொழில்முறை விளையாட்டு வீரராகவோ கோச்சாகவோ இருக்கக் கூடாது என்றும் ஒரு வரி இருக்கிறது. அதை ஏஜென்ட் படித்துக் காட்டமாட்டார். தொழில்முறை, அரைத் தொழில்முறை மட்டத்தில் பயிற்சி கொடுத்தால், சம்பளம் வாங்காவிட்டாலும் கணக்கில் வரும். "சும்மா உதவிக்குத்தான் போறேன்" என்பது எடுபடாது. சுயதொழிலும் கூடாது. இங்கே பிரிட்டனில் பல ஜிம்களில் பெர்சனல் டிரெய்னர் என்றால் ஜிம்முக்கு மாத வாடகை கட்டிவிட்டு, வாடிக்கையாளரிடம் தானே காசு வாங்குபவர். அது சுயதொழில்தான். ஜிம்மே சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளும் இன்ஸ்ட்ரக்டர் வேலை கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் கடை, கிடங்கு. படிப்புக்குப் பிறகு எடுக்கும் கிராஜுவேட் விசாவில் சுயதொழில் செய்யலாம், ஆனால் தொழில்முறைக் கோச்சுக்கான தடை அங்கேயும் தொடர்கிறது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அந்த விசாவும் 2 ஆண்டு அல்ல, 18 மாதம்தான்.

ஆகவே நீங்கள் வீரர்களோடு தரையில் நிற்க ஒழுங்கான வழி, பாடத்தின் பகுதியாக மதிப்பெண் போடப்படும் பிளேஸ்மென்ட், அதாவது கிளப் போன்ற இடத்தில் செய்யும் களப்பயிற்சி. பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தரவரிசையைவிட இதைத்தான் பார்ப்பேன். லண்டன் ட்விக்கனத்தில் செயின்ட் மேரிஸ், எடின்பரோ, லஃப்பரோ எல்லாமே இந்தப் படிப்பை நடத்துகின்றன. எதுவானாலும் விண்ணப்பிக்குமுன் கோர்ஸ் இயக்குநருக்கு மின்னஞ்சல் போடுங்கள். பிளேஸ்மென்ட் கட்டாய மாட்யூலா, எத்தனை மணி நேரம், இடம் பிடித்துக் கொடுப்பது அவர்களா நாமா, மாணவர் விசாக்காரர்களுக்கும் உண்டா? கடைசிக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். சேர்ந்த பிறகும், ஒவ்வொரு இடத்துக்கும் சர்வதேச மாணவர் அலுவலகத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முழுநேரப் படிப்பு ஒரே வருடம், 180 கிரெடிட். பெரும்பாலும் அதில் 60 ஆய்வேட்டுக்குப் போய்விடும். பலர் சறுக்குவது அங்கேதான். பல்கலைக்கழகத்தின் எத்திக்ஸ் (ஆய்வு நெறி) அனுமதி இல்லாமல் ஒருவரைக்கூட அளக்க முடியாது. கால்பந்து வீரர்களை வைத்து ஆய்வு செய்ய நினைத்து, அனுமதி மே மாதம் வந்தால், சீசன் முடிந்து ஆட்கள் ஊர் போயிருப்பார்கள். கிறிஸ்துமஸுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

ஆய்வகத்தில் ஃபோர்ஸ் பிளேட் (மேலே நிற்பவர் தரையை அழுத்தும் விசையை அளக்கும் தட்டு) கையில் கிடைத்ததும் எல்லோரும் வீரரைக் குதிக்க வைத்துவிடுவார்கள். தவறு அதற்கு முன்பே நடந்திருக்கும். கவுன்டர்மூவ்மென்ட் ஜம்ப்புக்கு (முழங்காலை மடக்கித் தாழ்ந்து உடனே எம்பும் குதிப்பு) முன் வீரர் குறைந்தது ஒரு விநாடி அசையாமல் நிற்க வேண்டும்; அந்த விநாடியில் பதிவாவதுதான் உடல் எடை, அதை விசையிலிருந்து கழித்துத்தான் குதித்த உயரம் கணக்கிடப்படும். 70 கிலோ ஆள் லேசாக ஆடியதில் எடை 10 நியூட்டன் குறைவாகப் பதிவாகிறது என்று வையுங்கள். இயக்கம் 0.8 விநாடி நீடித்தால், அந்தப் பிழை நேரத்தோடு பெருகி, 32 செ.மீ. குதித்தவரை 35, 36 செ.மீ. என்று காட்டும். பல வாரப் பயிற்சியின் பலனே அவ்வளவுதான் இருக்கும்! மென்பொருள் தரும் எண்ணை அப்படியே எடுக்காமல், விசை வரைகோட்டின் தொடக்கம் தட்டையாக இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

சான்றிதழ் விஷயம் சுருக்கமாக. இந்தத் துறைக்கான அமெரிக்கச் சங்கம் என்.எஸ்.சி.ஏ. நடத்தும் சி.எஸ்.சி.எஸ். என்ற கோச் தேர்வு 220 கேள்விகள், கணினியில் எழுதுவது, பட்டமும் சி.பி.ஆர். (உயிர்காப்பு முதலுதவி) சான்றிதழும் இருந்தால் போதும். பிரிட்டனில் இதே துறைச் சங்கமான யு.கே.எஸ்.சி.ஏ. தரும் அங்கீகாரம் வேறு ரகம். பளு தூக்கும் அசைவுகளை நீங்களே செய்தும் சொல்லிக்கொடுத்தும் காட்ட வேண்டும். நம் பட்டப்படிப்புகளில் உடலியங்கியலும் உயிர்விசையியலும் நன்றாகவே சொல்லித்தருகிறார்கள், பார்பெல் பிடித்த நேரம்தான் குறைவு. விமானம் ஏறுமுன் ஆறு மாதம் ஒரு நல்ல பளுதூக்கும் கோச்சிடம் கிளீன், ஸ்னாட்ச் என்ற தூக்கு முறைகளைப் பழகுங்கள். வெறும் கம்பி போதும், எடை பிறகு.

ஊரிலேயே முடிக்க வேண்டிய இன்னொன்று: பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழ். 18 வயதுக்குட்பட்டவர்கள் பயிலும் இடத்தில் டி.பி.எஸ். (ஸ்காட்லாந்தில் பி.வி.ஜி.) என்ற குற்றப் பின்னணிச் சோதனை கேட்பார்கள். அது பிரிட்டன் பதிவுகளை மட்டுமே பார்ப்பதால், புதிதாக வந்தவரிடம் சொந்த நாட்டுச் சான்றிதழையும் சேர்த்துக் கேட்பது வழக்கம். இங்கே வந்தபின் தூதரகம் வழியாக எடுப்பதற்குள் பிளேஸ்மென்ட் வேறொருவருக்குப் போயிருக்கும்.