இஞ்சினியரிங் கிடைக்காத பிள்ளைக்குக் கணிதப் பட்டம் போதுமா?

அன்புள்ள அம்மா,

உயர்தரப் பரீட்சையை இரண்டு தடவை எழுதியும் மகளுக்குப் பொறியியல் கிடைக்கவில்லை, கிடைத்த பௌதிக விஞ்ஞான அனுமதியை ஏற்பதா, திரும்ப எழுதுவதா என்று கேட்டிருந்தீர்கள். நேரே பதில் சொல்லிவிடுகிறேன். மகள் கணிதத்தோடு வேறு பாடங்களும் சேர்த்துப் படிக்கும் அந்தப் பௌதிக விஞ்ஞானப் பட்டத்துக்கான அனுமதியை ஏற்றுக்கொள்ளட்டும். மூன்றாம் தடவை உயர்தரம் எழுத வைக்காதீர்கள். இணைந்த கணிதத்தில் ஏ, பௌதிகவியலில் பி, இரசாயனவியலில் சி. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளியை இறக்கியது இரசாயனவியல்தான். திரும்ப எழுதுவதென்றால், பிள்ளைக்குக் கொஞ்சமும் பிடிக்காத அந்தப் பாடத்துக்காக இன்னொரு வருடம் வெள்ளவத்தையில் ரியூஷனுக்கு அலைய வேண்டும். அதற்குப் பிறகும் கொழும்பு மாவட்டத்தின் பொறியியல் வெட்டுப்புள்ளி உயரத்தில்தான் நிற்கும்.

"கணிதம் படித்தால் ரீச்சர் வேலைதானே" என்று எழுதியிருந்தீர்கள். நல்ல கணித ஆசிரியர் கிடைத்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், அந்த வேலையின் மதிப்பு தெரியும். ஆனால் உங்கள் பயம் வேறு, அது எனக்கு விளங்குகிறது. வேலை விடயத்தில் கணிதத்தோடு எந்தப் பாடத்தைச் சேர்த்துப் படிக்கிறார் என்பதைத்தான் முதலில் பாருங்கள். புள்ளிவிபரவியல் சேர்ந்தால் வங்கி, காப்புறுதி, சந்தை ஆய்வு, தொகைமதிப்புத் திணைக்களம் என்று வழி விரிகிறது. காப்புறுதித் துறையில் ஆக்சுவரி, அதாவது ஆபத்தையும் கட்டணத்தையும் கணக்கிடும் நிபுணர், ஆக விரும்பினால், பிரித்தானிய ஆக்சுவரி நிறுவகத்தின் பரீட்சைகளைக் கெம்பசில் படிக்கும்போதே எழுதத் தொடங்கலாம். கணினி விஞ்ஞானம் சேர்ந்தால் மென்பொருள் கம்பனிகள். பௌதிகவியலோடு போகிறவர்களில் பலருக்கு ஆய்வில்தான் நாட்டம். எந்தப் பாடத்தோடு எதை எடுக்கலாம் என்பது பீடத்துக்குப் பீடம் மாறும். கொழும்பு, ஜயவர்தனபுர, களனி, யாழ்ப்பாணம் எல்லாவற்றிலும் பௌதிக விஞ்ஞானம் உண்டு, ஆனால் சேர்க்கைகள் ஒன்றல்ல. பீடக் கையேட்டில் அந்தப் பக்கத்தை மகளே வாசிக்க வேண்டும். பக்கத்து வீட்டு அண்ணா சொன்னதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

இனி மகளுக்கும் சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும். உயர்தரத்தில் ஏ எடுத்த பிள்ளைகள்கூட முதலாம் வருடத்தில் தடுமாறுகிறார்கள். அது மூளைக் குறைவால் அல்ல, கேட்கப்படும் கேள்வியே மாறிவிடுவதால். எக்ஸ் இரண்டை அணுகும்போது எக்ஸ் வர்க்கத்தின் எல்லை என்ன என்று இதுவரை கேட்டிருப்பார்கள். இரண்டைப் பிரதியிட்டு 4 என்று எழுதினால் புள்ளி கிடைத்தது. கெம்பசில் அந்த 4 ஐ நிறுவச் சொல்வார்கள். விடை 4 இலிருந்து எவ்வளவு விலகலாம் என்பது எப்சிலன், அதற்கு எக்ஸ் 2 க்கு எவ்வளவு கிட்ட நிற்க வேண்டும் என்பது டெல்டா. எப்சிலன் எவ்வளவு சிறிதாகத் தரப்பட்டாலும் அதற்கேற்ற டெல்டா ஒன்றைக் காட்ட வேண்டும். எக்ஸ் வர்க்கத்துக்கும் 4 க்கும் உள்ள வித்தியாசம், எக்ஸ் கழித்தல் 2 ஐ எக்ஸ் கூட்டல் 2 ஆல் பெருக்கியது. எக்ஸ், 2 இலிருந்து ஒன்றுக்கு மேல் விலகாதபோது எக்ஸ் கூட்டல் 2 என்பது 5 ஐத் தாண்டாது. ஆகவே 1, எப்சிலனின் ஐந்திலொன்று ஆகிய இரண்டில் சிறியதை டெல்டாவாக எடுத்தால் போதும். இந்தக் காரணத்தை வசனம் வசனமாக எழுதத்தான் புள்ளி. கடந்தகாலப் பேப்பர் செய்து பழகிய கை இதற்கு உதவாது. போதாததற்கு விரிவுரை முழுக்க ஆங்கிலத்தில். தமிழ் மொழிமூலம் படித்த பிள்ளை பதிவுக்கு முன்னுள்ள மாதங்களில் ஆங்கிலக் கணிதப் புத்தகமொன்றை எடுத்து, நிறுவல்களைத் தன் கையால் எழுதிப் பார்த்தால் பெரிய உதவி. அந்த மாதங்களில் ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்பைவிட இதையே நான் விரும்புவேன்.

மூன்று வருடப் பட்டத்துக்கு 90 திறன்மதிப்பு (கிரெடிட்), நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120. ஒரு திறன்மதிப்புக்கு மாணவர் 50 மணித்தியாலம் உழைக்க வேண்டும் என்று தேசியத் தகைமைச் சட்டகம் கணக்கிடுகிறது. வருடத்துக்கு 30 என்றால் 1500 மணித்தியாலம். விரிவுரைக்குப் போய்வருவது அதில் ஒரு பகுதிதான். சிறப்புப் பட்டத்துக்குப் பெரும்பாலும் முதல் இரண்டு வருடப் பெறுபேற்றை வைத்தே தெரிவு செய்வார்கள். முதலாம் வருடத்தில் ஒரு பாட அலகை எடுக்காமல் விட்டால், அதை முன்தேவையாகக் கேட்கும் மூன்றாம் வருடப் பாடம் கைநழுவிப் போகும். எத்தனையோ பிள்ளைகளுக்கு இது இரண்டு வருடம் கழித்துத்தான் தெரியவருகிறது.

அதனால்தான் கல்வி ஆலோசகரிடம் முதல் செமஸ்டரிலேயே போகச் சொல்கிறேன். மனக்கஷ்டம், பணக்கஷ்டம், பகிடிவதை என்றால் மாணவர் ஆலோசகர். பாடத் தெரிவு என்றால் துறையில் அதற்குப் பொறுப்பான விரிவுரையாளர், அவர்தான் கல்வி ஆலோசகர். எங்கள் பிள்ளைகள் "சேரைத் தொந்தரவு செய்யக்கூடாது" என்று கதவடியில் நின்றுவிட்டுத் திரும்பி வருகிறார்கள். அவர் அந்த வேலைக்காகத்தான் அங்கே இருக்கிறார். வெறுங்கையோடு போகாமல், எடுக்க நினைக்கும் பாடங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகட்டும். "எதை எடுக்கலாம் சேர்?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "புள்ளிவிபரவியலில் சிறப்புப் பட்டம் செய்ய நினைக்கிறேன், இந்தத் தெரிவு அதற்குத் தடையாகுமா, பிறகு கணிதத்துக்கு மாற நினைத்தால் என்ன குறையும்?" என்று கேட்டால் அவர் கையேட்டைத் திறந்தே பதில் சொல்வார். செமஸ்டர் தொடக்கத்தில் பாடம் மாற்றத் தரும் அவகாசம் குறுகியது. அது முடிவதற்குள் போக வேண்டும்.

நீங்கள் கூடப் போக வேண்டாம் அம்மா. மகளே பேசட்டும். வெளிநாட்டில் மேற்படிப்பு என்ற எண்ணமிருந்தால் நான்கு வருடப் பட்டத்தையே குறிவைக்கட்டும். குடும்பச் செலவு அதற்கு இடம் தருமா என்பதை இப்போதே வீட்டில் மனந்திறந்து பேசுங்கள். மகாபொல புலமைப்பரிசில் விண்ணப்பத்தையும் தவறவிடாதீர்கள்.

பதிவுக் கடிதம் வந்ததும் கையேட்டின் பாடச் சேர்க்கைப் பக்கத்தை எனக்கு அனுப்புங்கள். மகளோடு ஒரு தடவை போனில் பேசுகிறேன்.