மூன்றுக்கும் ஒரே அளவுகோல் வைத்துத் தோற்ற கதை

கேள்வி: உடல்நலம், மனநலம், ஆன்மிகம் மூன்றுக்கும் இலக்கு வைத்துக்கொள்ள நினைக்கிறேன். ஒவ்வொரு முறையும் இரண்டு வாரத்தில் விட்டுப்போகிறது. நீங்கள் எப்படி வைத்துக்கொள்கிறீர்கள்?

நீங்களாவது இரண்டு வாரம் தாக்குப்பிடிக்கிறீர்கள். 2023 ஜனவரி 1 அன்று நான் எழுதிய பட்டியல் பொங்கல் வரைக்கும்கூட வரவில்லை.

மதுரையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வயது 45. கணக்கு எழுதுகிற கை என்பதால் பட்டியல் பார்க்கப் பளிச்சென்று இருந்தது. டைரியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு மூன்று பத்தி, பத்திக்கு ஐந்து வரி, மொத்தம் 15 இலக்கு. உடலுக்குப் பத்துக் கிலோ குறைப்பது, தினம் 10,000 அடி, இனிப்பை அடியோடு நிறுத்துவது. மனதுக்குக் கோபப்படக் கூடாது, கவலைப்படக் கூடாது, அரைமணி நேரத் தியானம். ஆன்மிகத்துக்கு ஸ்ரீராமஜெயம் 1,00,008 முறை. இன்னும் என்னென்னவோ.

எங்கள் தொழிலில் மாதத்துக்கு இரண்டு கண்டங்கள் உண்டு. 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி 3பி. இரண்டும் ஜிஎஸ்டி வரிக் கணக்கு தாக்கல் செய்யக் கடைசி நாட்கள். அந்த ஜனவரி 10-ஆம் தேதி இரவு வீடு வந்து சேர மணி பத்தாகிவிட்டது. மறுநாள் காலை எழுந்திருக்கவில்லை, நடக்கவில்லை, தியானம் இல்லை. ஒரே நாளில் 15-இல் 13-க்குப் பெருக்கல் குறி. அதற்கடுத்த நாள் டைரியைத் திறக்கவே மனம் வரவில்லை. பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன், மிச்சமிருந்த பட்டியலும் அதோடு போயிற்று. ஸ்ரீராமஜெயம் மட்டும் கொஞ்ச நாள் ஓடியது. அந்தக் கதை பின்னால் வருகிறது.

மார்ச்சில் ரத்தப் பரிசோதனை செய்தபோது ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, 6.2. 5.7-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். நான் இரண்டுக்கும் நடுவில், வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். "எடையைக் குறைச்சுடறேன் டாக்டர்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "எடை நாம சொன்ன பேச்சைக் கேக்காதும்மா. கால் கேக்கும். காலுக்கு ஏதாவது சொல்லுங்க" என்றார்.

15 இலக்கு எழுதியபோது எனக்குப் புரியாதது இதில்தான் இருந்தது. பத்துக் கிலோ என்பது விளைவு. அது என் கையில் இல்லை. காலை ஐந்தே முக்காலுக்குச் செருப்பு மாட்டுவது என் கையில் இருக்கிறது. அப்படி நானே செய்யக்கூடியதை மட்டும் இலக்காக எழுத ஆரம்பித்தேன்.

எங்கள் வீட்டிலிருந்து வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் பக்கம். குளத்தைச் சுற்றி ஒரு சுற்று ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர். என் நடைக்குக் கால்மணி நேரம். இரண்டு சுற்று போனால் அரைமணி, வாரத்தில் ஐந்து நாள் என்றால் 150 நிமிடம். பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது இவ்வளவு மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கும் இதுதான். அடிகளை எண்ணுவதை விட்டுச் சுற்றுகளை எண்ணினேன். இரண்டே இரண்டு எண், மறக்க வாய்ப்பில்லை. காலையில்தான் போக வேண்டும் என்பதில் மட்டும் கறாராக இருந்தேன். மாலையில் போனால் தெப்பக்குளத்தில் நடையை முடிப்பதற்குள் பஜ்ஜிக் கடை குறுக்கே வந்துவிடும். மதுரைக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அந்த 10,000 அடி எங்கிருந்து வந்தது என்று பின்னால் தேடிப் பார்த்தேன். 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரே "பத்தாயிரம் அடி மானி" என்ற பொருள் தருவது. வாயில் நன்றாக நுழைந்த எண் உலகம் முழுக்க மருத்துவ விதி போலப் பரவிவிட்டது. அமெரிக்காவில் சராசரி 72 வயதுப் பெண்களிடம் நடத்தி 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், தினம் 4,400 அடி நடந்தவர்களுக்கே, மிகக் குறைவாக நடந்தவர்களைவிட இறப்பு விகிதம் நன்றாகக் குறைந்திருந்தது. 7,500-க்கு மேல் போனபோது கூடுதல் பலன் பெரிதாக இல்லை. ஒரு கம்பெனி வைத்த பெயருக்காக நான் ராத்திரி பதினோரு மணிக்கு ஹாலில் அடி கணக்குக்காக நடந்திருக்கிறேன் என்று நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

இன்னொன்று, அளக்கும் இடைவெளி. தினம் காலையில் எடைப் பொறியில் ஏறி இறங்கி அந்த நாளையே கெடுத்துக்கொள்வது என் பழைய வழக்கம். ஹெச்பிஏ1சி என்பது ரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையின் அளவு. அந்த அணுக்கள் ஏறக்குறைய 120 நாள் வாழ்கின்றன. அதனால் வாராவாரம் பார்த்துப் பயனில்லை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். கணக்குப் பிரிவுக்குக் காலாண்டு பழகிய விஷயம்தானே! ஜூனில் 6.0, செப்டம்பரில் 5.8. தீபாவளி முடிந்து டிசம்பரில் பார்த்தால் மறுபடி 6.0. லட்டு தன் கணக்கைத் தானே எழுதிவிடும். எடைப் பொறியைப் பரணில் போட்டுவிட்டு, டெய்லர் டேப்பால் மாதம் ஒருமுறை இடுப்பை அளக்கிறேன். நம் ஊர்ப் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டினால் கவனம் தேவை என்பார்கள். 93-இல் ஆரம்பித்தேன், இப்போது 88.

உணவில் ஒரே ஒரு மாற்றம் செய்தேன். இரவு ஐந்து இட்லியை மூன்றாக்கி, கூட ஒரு கிண்ணம் சுண்டல். தசைக்கும் வேலை வேண்டும் என்றதால் பிள்ளையார் முன்னால் மூன்றோடு நிறுத்தும் தோப்புக்கரணத்தைப் பன்னிரண்டாக்கினேன். இதை உடல் கணக்கில் எழுதுவதா ஆன்மிகக் கணக்கில் எழுதுவதா என்று இன்றுவரை தீர்மானிக்கவில்லை. (மாத்திரை சாப்பிடுகிறவர்கள், மூட்டுவலி உள்ளவர்கள் என்னைப் பார்த்து எதையும் மாற்றாதீர்கள். உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.)

மனதுக்கு வருகிறேன். "கோபப்படக் கூடாது" என்பதை இலக்காக எழுதியது என் பெரிய முட்டாள்தனம். ஒன்றைச் செய்யாமல் இருப்பதற்கு எப்படிக் குறி போடுவது? எல்லா நாளும் பெருக்கல் குறிதான் விழுந்தது, அதைப் பார்த்து இன்னொரு கோபம் வந்தது. அப்புறம் திருத்தும் எண்ணமே இல்லாமல் குறிக்க மட்டும் செய்தேன். கத்திவிட்டேன் என்றால் டைரியின் கடைசிப் பக்கத்தில் நேரம், யாரிடம் என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. 27 வரிகளில் 19, காலை 7.40-க்கும் 8.10-க்கும் இடையே. யாரிடம் என்ற இடத்தில் பெரும்பாலும் என் பையன். டிபன் கட்டி, அத்தைக்கு மாத்திரை கொடுத்து, வீட்டுக்காரருக்குச் சட்டை தேய்த்து, நான் மட்டும் ஒரு காபியோடு நின்றுகொண்டிருக்கும் நேரம் அது. பையனின் சாக்ஸ் காணாமல் போனதல்ல விஷயம், எனக்குப் பசி. ஏழரை மணிக்கு நின்றபடியே இரண்டு இட்லி சாப்பிட ஆரம்பித்தேன். அடுத்த மாதம் காலை நேர வரிகள் 6. மனநல இலக்கு என்று எழுதியதை இட்லி சரி செய்தது. மிச்ச வரிகளில் பாதி 19, 20 தேதிகளில், தூக்கம் ஐந்து மணி நேரமான நாட்களில். போன் சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து ஹாலுக்கு மாற்றியதில் அதுவும் கொஞ்சம் அடங்கியது.

ஒரு எச்சரிக்கை. இட்லியால் தீராதவையும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டுக் கிடந்தால் அதற்கு இலக்கு வைத்துக்கொண்டிராமல் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். என் தோழி ஒருத்தி தயங்கித் தயங்கிக் கூப்பிட்டாள், நல்லதாகப் போயிற்று.

நீங்கள் கேட்ட "இரண்டு வாரத்தில் விட்டுப்போகிறது" பற்றி. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள் இல்லையா? 1960 வாக்கில் ஒரு பிளாஸ்டிக் அறுவை மருத்துவர், தன் நோயாளிகளுக்குப் புது முகம் பழக மூன்று வாரமாவது ஆகிறது என்று எழுதியதிலிருந்து கிளம்பிய கதை அது. லண்டனில் 96 பேரை வைத்துச் செய்து 2009-இல் வெளியான ஆய்வில் சராசரி 66 நாள் வந்தது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். அதில் எனக்கு ஆறுதலாக இருந்த செய்தி வேறு. நடுவில் ஒரு நாள் விட்டதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. ஜனவரி 11 அன்று இது தெரிந்திருந்தால் டைரியை மூடியிருக்க மாட்டேன்.

இப்போது என்னிடம் "இருபதாம் தேதித் திட்டம்" என்று ஒன்று இருக்கிறது. 9, 10, 11 தேதிகளிலும் 18, 19, 20 தேதிகளிலும் இலக்கு தானாகவே பாதியாகும். இரண்டு சுற்றுக்குப் பதில் ஒன்று. சுண்டலுக்குப் பதில் கையில் கிடைத்த வேர்க்கடலை. கோபக் குறிப்பு எழுதுவதற்கு விடுமுறை, கோபத்துக்கு இல்லை. உங்கள் வேலையிலும் இப்படி ஒரு தேதி கட்டாயம் இருக்கும். ஆசிரியர் என்றால் விடைத்தாள் திருத்தும் வாரம், கடைக்காரர் என்றால் ஆடித் தள்ளுபடி. அந்த வாரத்துக்கான அரை இலக்கை முதலிலேயே எழுதி வைத்துவிடுங்கள். என்னைக் காப்பாற்றியதில் பாதிப் புண்ணியம் இதற்குத்தான்.

சரி, ஸ்ரீராமஜெயம்.

1,00,008-ஐ 108-ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 926 வரும். அந்தச் சுத்தமான வகுத்தலிலேயே நான் விழுந்துவிட்டேன். தினம் 108, 926 நாள், இரண்டரை வருஷத்தில் முடிந்துவிடும். கோடு போட்ட நோட்டு வாங்கி, பக்கத்துக்கு 27 வரி, நாலு பக்கம். முதல் பத்து நாள் நிதானமாக எழுதினேன். அப்புறம் வேகம் வந்தது. ஒரு இரவு, பத்தரை மணி இருக்கும், சாப்பாட்டு மேசையில் எழுதிக்கொண்டிருந்தேன். அத்தை தண்ணீர் குடிக்க வந்தவர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறார். நான் பக்கம் முழுக்க மேலிருந்து கீழாக "ஸ்ரீ" மட்டும் எழுதி முடித்து, அடுத்த பத்தியில் "ராம" இறக்கிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் இம்போசிஷன் எழுதுவோமே, அதே உத்தி.

"ஏம்மா, சாமி பேரையும் வரவு வைக்கிறாப்புலயே எழுதுறியே" என்றார். திட்டவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார். அதனால்தான் சுருக்கென்றது.

41 நாள் எழுதியிருந்தேன். 4,428. அதோடு நிறுத்திவிட்டேன்.

உடலுக்கு எண்ணிக்கை பொருந்துகிறது. மனதைக் குறித்து வைத்தாலே போதுமானதாக இருக்கிறது. இந்த மூன்றாவது விஷயத்தில் மட்டும், எண்ண ஆரம்பித்ததும் என் கவனம் சாமியை விட்டு எண்ணுக்குப் போய்விட்டது. எண்ணிக்கையோடு ஜபம் செய்து நிறைவு காண்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. என் கைக்கு எண்ணைக் கண்டால் வேறு புத்தி வந்துவிடுகிறது.

இப்போது சாயங்காலம் விளக்கேற்றியதும் எழுந்துவிடாமல் திரியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்கிறேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, எங்கள் பூஜை அலமாரிப் பக்கம் கடிகாரம் இல்லை. வேண்டுதல் எதுவும் வைப்பதில்லை. சில நாள் 3பி நினைப்புதான் ஓடும், ஓடட்டும். டைரியில் இதற்கு மட்டும் பத்தி இல்லை. உங்களுக்குக் கோயில், பூஜையில் நம்பிக்கை இல்லையென்றால் என் அலுவலகத் தோழர் ஒருவரைச் சொல்வேன். பழுத்த நாத்திகர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஆண்களுக்கு அனுமதித்த இடைவெளி முடிந்ததும், போய் ரத்தம் கொடுத்துவிட்டு வருவார். அன்றைக்கு அவர் முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். அதற்கு என்ன பெயர் வைப்பது என்பது அவர் பாடு.

அந்த நோட்டை அத்தை எடுத்துக்கொண்டார். 4,429-இலிருந்து அவர் எழுதுகிறார். மத்தியானத் தூக்கம் கலைந்ததும், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு நாளைக்கு மூன்று வரி, நாலு வரி. வாய் முணுமுணுத்தபடி, ஒவ்வொரு எழுத்தாக. அவர் வேகத்தில் 1,00,008 எப்போது முடியும் என்று நான் வகுத்துப் பார்க்கவில்லை.

சரி, பார்த்தேன். சொல்ல மாட்டேன்.