அடியில்லாத அகப்பை

கேள்வி: ஜப்பானியக் கடற்பேய்கள் மீனவர்களிடம் அகப்பை கேட்கும் என்று படித்தேன். பேய்க்கு அகப்பை எதற்கு? அந்நாட்டில் நண்டின் முதுகில் போர்வீரனின் முகம் தெரியும் என்பது உண்மையா?

பதில்: அகப்பை கேட்கும் ஆவிகளை ஜப்பானியர் ‘ஃபுனாயூரே’, அதாவது கப்பல் ஆவி, என்பர். கடலில் மூழ்கி மாண்டவர்கள், உயிரோடிருப்போரையும் தம்மோடு சேர்த்துக்கொள்ள வருகிறார்கள் என்பது கரையோர மக்களின் நம்பிக்கை. மழை இரவிலோ மூடுபனியிலோ படகை ஒட்டி வந்து அவை கேட்பது ‘ஹிஷாகு’ எனப்படும் நீண்ட காம்புள்ள அகப்பையை. தண்ணீர் மொள்ள உதவும் அந்த அகப்பையைக் கொடுத்துவிட்டால், அதைக் கொண்டே கடல்நீரைப் படகுக்குள் மொண்டு மொண்டு ஊற்றி மூழ்கடித்துவிடுமாம். ஆகவே அடிப்பாகத்தைப் பெயர்த்தெடுத்த அகப்பை ஒன்றைத் தயாராக வைத்திருந்து நீட்ட வேண்டும். எத்தனை முறை மொண்டாலும் ஒரு சொட்டுக்கூடப் படகில் விழாது. செத்தவர்களைப் பகைக்காமல், கேட்டதை இல்லையென்று சொல்லாமல் உயிரோடு கரை சேர்வதற்கு இதைவிட நயமான வழியை நான் எந்தப் பேய்க்கதையிலும் கண்டதில்லை.

அமைதியான கடல் திடீரெனப் பொங்கி, அதிலிருந்து மழித்த தலையுடன் கரிய பேருருவம் எழுமானால் அது ‘உமிபோசு’, கடல் துறவி. சில ஊர்க் கதைகளில் இதுவும் அகப்பை கேட்கும்.

நண்டைப் பற்றிய செய்தி உண்மைதான். 1185-இல் ஹோன்ஷு, கியூஷு தீவுகளுக்கு இடையிலுள்ள குறுகிய நீரிணையில் நடந்த தன்னோஊரா போரில், ஹெய்க்கே எனப்படும் தைரா குலம் மினமோத்தோ குலத்திடம் தோற்று அழிந்தது. குழந்தைப் பேரரசர் அந்தோகுவைப் பாட்டி தம் கைகளில் ஏந்தியபடியே கடலில் குதித்தார். அந்தக் குழந்தைப் பேரரசருக்கான அகாமா ஆலயம் இன்றும் ஷிமோனோசெகி நகரில் இருக்கிறது. அந்தப் போரில் மடிந்த தைரா வீரர்களே ஹெய்க்கே நண்டுகளாகப் பிறந்தார்கள் என்பது கதை. ஓட்டின் மேல் சரிந்த கண்களும் சப்பை மூக்கும் இறுகிய வாயுமாக, கோபம் ஆறாத ஒரு முகம் தெளிவாகவே தெரிகிறது.

முகம் தெரிந்த நண்டுகளை மீனவர்கள் பயபக்தியோடு கடலிலேயே விட்டதால்தான் அந்த இனம் பெருகியது என்று 1952-இல் உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி விளக்கினார். கேட்க அழகான விளக்கம்தான், ஆனால் பொருந்தவில்லை. ஓட்டின் அகலமே ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் என்பதால் அவற்றை யாரும் உண்பதில்லை. பிடித்தவை எல்லாமே, முகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கடலுக்கே திரும்பின. இதே சாயல் வேறு கடல்களில் வாழும் உறவு இனங்களிலும் உண்டு. நமக்குக் கண்ணாகவும் வாயாகவும் தோன்றும் மேடுபள்ளங்கள், ஓட்டின் உட்புறத்தில் தசைகள் பற்றியிருக்கும் இடங்களே.