கோலாலம்பூரில் வேலை பார்க்கிறேன், தோல் அரிப்புக்கு யாரிடம் போவது?

முதலில் உங்கள் கம்பெனியின் பேனல் கிளினிக்குக்கு, அதாவது ஊழியர்களுக்காகக் கம்பெனி ஏற்பாடு செய்து வைத்திருக்கும் கிளினிக்குக்குப் போங்கள். அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் இருந்தால்தான் பல காப்பீடுகள் தோல் நிபுணரின் கட்டணத்தைத் தரும். அரசு மருத்துவமனைக்கும் கடிதம் வேண்டும். வெளிநாட்டவருக்குக் கட்டணம் கூடுதல்.

'ஸ்கின் கிளினிக்' என்று பலகை வைத்த எல்லா இடத்திலும் தோல் நிபுணர் இருப்பதில்லை. பல இடங்கள் பொது மருத்துவர்கள் நடத்தும் அழகு சிகிச்சை மையங்கள். மருத்துவரின் பெயரை மலேசியாவின் தேசிய நிபுணர் பதிவேட்டில் இணையத்திலேயே தேடிப் பார்த்துவிடலாம்.

அப்புறம், ஊரிலிருந்து கொண்டுவந்த களிம்பு. இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். இங்குள்ள புழுக்கத்தில் இடுப்பிலும் தொடையிடுக்கிலும் படர்தாமரை என்ற பூஞ்சைத் தொற்று சுலபமாக வரும். நம் ஊர் மருந்துக்கடைகளில் கிடைக்கும் கலவைக் களிம்புகள் பலவற்றில் குளோபெட்டசோல் போன்ற வீரியமான ஸ்டீராய்டு உண்டு. தடவினால் அரிப்பு அடங்கும், பூஞ்சையோ பரவிக்கொண்டே போகும். வட்டமாகத் தெரிய வேண்டிய தடிப்பு உருமாறி, மருத்துவருக்கே பிடிபடாமல் போகலாம். தயவுசெய்து தடவுவதை நிறுத்திவிட்டு, அந்த டியூபைக் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள். தோலை லேசாகச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும் என்றால் சரி என்று சொல்லுங்கள், பெரிதாக வலிக்காது.