உலக வரலாற்று வழிகாட்டியை வாங்கும் முன் சூயஸ் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்

"பயிற்சி மையத்திற்குச் செல்லாமல் வீட்டிலிருந்தே படிப்பவர், குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் உலக வரலாற்றுப் பகுதிக்குத் தமிழில் எந்த வழிகாட்டியை வாங்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைக்குச் சென்றுகொண்டே இரவில் படிப்பவர், நேரமும் பணமும் அளவாகவே உள்ளவர் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். நான் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றவன் அல்லன். முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதியவன், அவ்வளவே. தேர்ச்சி பெறாதவனுக்கு அறிவுரை எதற்கு என்று நினைப்பவர்கள் இப்பதிலைத் தாண்டிச் செல்லலாம்.

பொது அறிவு முதல் தாளுக்கு மொத்தம் 250 மதிப்பெண்கள், 20 வினாக்கள். அதில் உலக வரலாற்றுக்கு உரிய இடம் சிறியது. இப்பகுதி சேர்க்கப்பட்ட 2013-இல் பல வினாக்கள் வந்தன. 2020-லும் 2022-லும் நேரடியாக ஒன்றுகூட வரவில்லை. பாடத்திட்டமோ பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்துதான் தொடங்குகிறது. எனவே மெசொப்பொத்தேமியாவில் தொடங்கி ரோமாபுரி வழியாக வரும் தடித்த நூலை, அது எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும், இந்தத் தேர்வுக்காக வாங்க வேண்டாம்.

நூலின் பெயரைச் சொல்வதைவிட அதைச் சோதிக்கும் முறையைச் சொல்கிறேன். 1956-ஆம் ஆண்டின் சூயஸ் நெருக்கடிக்கு இட்டுச்சென்ற நிகழ்வுகள் எவை, உலக வல்லரசு என்று பிரிட்டன் தன்னைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணத்திற்கு அது எவ்வாறு இறுதி அடியாக அமைந்தது என்று 2014-இல் கேட்டார்கள். கடையில் நின்றபடியே அந்தப் பக்கத்தைப் புரட்டுங்கள். ஜூலை 26 அன்று எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கினார் என்பதோடு நூல் நின்றுவிட்டால் மூடி வைத்துவிடலாம். அஸ்வான் அணைக்கான நிதியுதவியை அமெரிக்காவும் பிரிட்டனும் விலக்கிக்கொண்டது, பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலும் மறைவில் செய்துகொண்ட ஏற்பாடு, பவுண்டின் மதிப்பு சரிந்த வேளையில் அமெரிக்கா கைகொடுக்க மறுத்ததால் பிரிட்டன் பின்வாங்க நேர்ந்தது ஆகியவை அங்கே ஒன்றோடொன்று இணைத்துச் சொல்லப்பட்டிருந்தால்தான் அது உங்களுக்கு உதவும் நூல்.

பெயர் சொல்ல விரும்பாத ஒரு மையம், தன்னிடம் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே தருவதாகச் சொல்லிக்கொண்ட தமிழ் வழிகாட்டியை நான் தெரிந்தவர் மூலம் பெற்றுப் படித்தேன். பிரெஞ்சுப் புரட்சிக்கு மட்டும் பக்கம் பக்கமாகத் தேதிகள்; சூயஸுக்கு நான்கு வரி; 2017-இல் கேட்கப்பட்ட மலாயத் தீபகற்பக் காலனிய விடுதலைச் சிக்கல்களுக்கு ஒரு வரியும் இல்லை. 1948-இல் அறிவிக்கப்பட்ட அவசரநிலையையும், மலாய் மக்கள், சீனர், இந்தியர் ஆகியோரிடையே குடியுரிமை பற்றி எழுந்த பூசலையும், 1957-இல் கிடைத்த விடுதலையையும் தமிழில் எழுதும் ஒருவர் விட்டுவிடுவது எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. ரப்பர் தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள் அல்லவா! இதே நூல் அடுத்த ஆண்டு புதிய அட்டையோடும் கூடுதல் விலையோடும் வந்தது, உள்ளே ஓர் எழுத்தும் மாறாமல். ஆகவே பழைய புத்தகக் கடையில் கிடைக்கும் முந்தைய பதிப்பை வாங்கத் தயங்க வேண்டாம்.

அடித்தளத்திற்கு என் பரிந்துரை, தமிழ்நாடு அரசின் ஒன்பது, பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலும் பன்னிரண்டாம் வகுப்பு வரலாறும்தான். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பள்ளிப் பாடநூலா என்று சிலர் இகழக்கூடும். இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தைப் பத்தாம் வகுப்பு நூல் அளவுக்குத் தெளிவாகச் சொல்லும் வழிகாட்டி எதையும் நான் பார்த்ததில்லை. அவை மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. ஆப்பிரிக்க விடுதலைப் போராட்டங்களுக்கும் 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தை எதிர்கொண்ட கொள்கைகளுக்கும் கூடுதல் வாசிப்பு தேவைப்படும். அதற்கு ஆங்கில வழிகாட்டி ஒன்றை எடுத்து, அந்த இயல்களை மட்டும் வாசித்துக் குறிப்புகளைத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்.

வெவ்வேறு நாடுகளில் ரயில்வே ஏற்படுத்திய சமூக, பொருளாதார விளைவுகளை 2023-இல் கேட்டார்கள். ரயில்வேக்கென்று தனி இயல் உள்ள வழிகாட்டி எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. அதனால் மாதிரி விடைகள் நிறைந்த நூலைவிட, பின்னிணைப்பில் நல்ல பொருளடைவு உள்ள நூலையே தேர்ந்தெடுங்கள்; இங்கிலாந்து, ஜெர்மனி, ரஷ்யா, இந்தியா என்று சிதறிக் கிடப்பதை நீங்களே திரட்டிக்கொள்ள அது உதவும்.